கத்தரி பிடித்த கை

திருமலைக் கல்யாணகட்டாவில் ஒருவர் தலையைக் குனிந்து உட்காருகிறார். தண்ணீர் தெளித்து, பாதி பிளேடு செருகிய கத்தியால் நாவிதர் வழிக்கிறார். சில நிமிடங்களில் முடி கீழே கிடக்கிறது. அதைக் காணிக்கை என்கிறோம். அதே நேரம் எங்கோ ஒரு பட்டியில் ஆட்டைக் கால் கட்டிக் கிடத்தி மயிர் கத்தரிக்கிறார்கள். அதை என்னவென்று சொல்வது? ஆடு கொடுத்தது என்று சொல்ல முடியாது, அதனிடம் யாரும் கேட்கவில்லை. பறித்தது என்றால், அந்தக் கம்பளியை மடி என்று விரித்து அதன்மேல் எப்படி ஜபத்துக்கு உட்காருகிறோம்? கேட்காமல் எடுத்தது தர்மமாகுமா? கால்நடை மருத்துவனாக இருந்த காலம் முழுக்க இந்தக் கேள்வி என்னோடு வந்தது.

நான் சித்தூர்த் தமிழன். படித்தது திருப்பதி கால்நடை மருத்துவக் கல்லூரியில். எங்கள் பக்கம் அதிகம் இருப்பது நெல்லூர் ஆடு. அதற்குக் குட்டை மயிர்தான், கத்தரிக்கும் வேலையே கிடையாது. கம்பளி ஆட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தது, அனந்தபூர் மாவட்டம் கல்யாணதுர்கம் பக்கம் வேலையில் இருந்தபோது. குருபர்கள் வளர்க்கும் கருப்புத் தக்காணி ஆடு அது. வருடத்துக்கு இரண்டு தடவை மயிர் இறக்குவார்கள்.

அங்கே ஒரு பெரியவர் வைத்திருந்த கத்தரியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நடுவில் ஆணி கிடையாது. ஒரே எஃகுப் பட்டையை வில்லாக வளைத்து, இரு முனைகளையும் அகலமான அலகாகத் தட்டியிருந்தார்கள். உள்ளங்கையால் அமுக்கினால் அலகுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி மூடும். கையைத் தளர்த்தினால் வில் தானாகத் திறந்துகொள்ளும். ரோமானியர் காலத்திலிருந்தே இருக்கும் அமைப்பு இது. இங்கிலாந்தில் ஷெஃபீல்டின் பர்கன் அண்ட் பால் கம்பெனி 1730 முதல் தொழிலில் இருக்கிறது. ஆட்டுக் கத்தரிக்குப் பெயர் போனது. தையல்காரரின் கத்தரியில் விரல்தான் திறக்கவும் வேண்டும், மூடவும் வேண்டும். இதில் மூடுவது மட்டும்தான் கையின் வேலை. நாள் முழுக்க ஆடு ஆடாக இறக்கினாலும் கை அவ்வளவாக ஓய்ந்து போகாது. அதைவிட முக்கியம், இடது கை முழுக்கச் சும்மா இருக்கிறது. அந்தக் கைதான் தோலை இழுத்துப் பிடிக்கிறது. ஆட்டின் தோல் மெல்லியது, தளர்ந்தது. தொடை இடுக்கிலும் அடிவயிற்றிலும் மடிந்து கிடக்கும். மடிப்பை நிமிர்த்தாமல் அலகை விட்டால் மயிரோடு தோலும் போகும். பெட்டை ஆடாக இருந்தால் காம்பையே நறுக்கிவிட்டவர்கள் உண்டு. இந்தக் கத்தரியை முதலில் வடித்த கொல்லன், வெட்ட ஒரு கையும் காக்க ஒரு கையும் வேண்டும் என்று தெரிந்தே வடித்தான் என்றுதான் நான் நம்புகிறேன்.

பெரியவர் ஒவ்வொரு ஆட்டுக்கும் முன்னால் அலகைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டார். “மொக்கைக் கத்தரி வெட்டாது டாக்டர் சார், இழுக்கும். இழுத்தா தோலும் கூடவே எழும்பும். அப்புறம் உங்ககிட்டதான் தூக்கிட்டு வரணும்” என்றார். உண்மைதான். சின்னக் கீறல்தானே என்று விட்டால் ஈ மொய்த்து முட்டையிடும். மழைக்காலமாக இருந்தால் சில நாளில் புண்ணுக்குள் புழு நெளியும். டர்பென்டைன் எண்ணெய் விட்டு, ஃபோர்செப்ஸால் ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறேன். அப்போதெல்லாம் அந்த ஆட்டின் கண்ணை என்னால் பார்க்க முடிந்ததில்லை.

அந்தப் பட்டியில்தான் என் கேள்வி வேறு உருவம் எடுத்தது. பிடிக்கும்வரை துள்ளிய ஆடு, கிடத்திய கொஞ்ச நேரத்தில் அடங்கிப் போகும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கால் கட்டுவதில்லை. பின்புறத்தில் உட்கார வைத்து முதுகைத் தங்கள் முழங்காலில் சாய்த்துக்கொள்வார்கள். அங்கேயும் ஆடு அப்படியே தளர்ந்துவிடுகிறது. பார்த்தால் சரணாகதி போலவே இருக்கும்.

வைணவ வீட்டில் பிறந்தவனுக்கு அந்தச் சொல் சும்மா கடந்து போகாது. பெருமாள் நம்மைக் காப்பது குரங்கு குட்டியைக் காப்பது போலவா, பூனை குட்டியைக் கவ்வுவது போலவா என்று வடகலையாரும் தென்கலையாரும் நூற்றாண்டுகளாக வாதித்திருக்கிறார்கள். குரங்குக் குட்டி தாயை இறுகப் பற்ற வேண்டும். பூனைக்குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம், தாயே தூக்கிக்கொள்ளும். தென்கலையார் போற்றும் பிள்ளை லோகாசாரியர் வழியில், ஜீவன் பகவானை விலக்காமல் இருந்தாலே போதும். அப்படியானால் கத்தரிக்கு அடியில் விலக்காமல் கிடக்கும் ஆடு சரணடைந்துவிட்டதா?

இல்லை என்பதே என் முடிவு. கல்யாணகட்டாவில் உட்கார்ந்தவர் எழுந்து போயிருக்கலாம். போகாமல் குனிந்ததால்தான் அது காணிக்கை. ஆட்டுக்கு எழுந்து போக வழி இல்லை. வழியில்லாமல் கிடப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது நம் சௌகரியம், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பழைய வாதத்தை மறுபக்கத்திலிருந்து பார்த்தேன். அங்கே பேச்சு குட்டியோடு நின்றுவிடவில்லை, தாயைப் பற்றியும் இருக்கிறது. கவ்வும் பல்லும் பூனைக்கு வேட்டைப் பல்தான். குட்டியின் கழுத்தில் மட்டும் அது பதியாது. ஒரு ஜீவன் எதிர்க்க முடியாமல் நம் கையில் கிடக்கும்போது, அந்த நேரத்துக்கு நாம் ரட்சகனின் இடத்தில் இருக்கிறோம். அதனால் ஆட்டுக்குச் சரணாகதி உண்டா என்ற கேள்வியை விட்டுவிட்டேன். பிடித்தவனுக்கு அந்த இடத்தில் நிற்கத் தகுதி உண்டா என்பதே கேட்க வேண்டியது.

ஏழுமலையின் கதைகளில் இரும்பு அடிக்கடி வருகிறது. புற்றில் பால் சொரிந்த பசுவின்மேல் இடையன் ஓங்கிய கோடரி, புற்றுக்குள் இருந்த சீனிவாசன் தலையில் பட்டது. அந்த இடத்தில் முடி இல்லாமல் போனதைப் பார்த்து நீளாதேவி தன் கூந்தலில் ஒரு பகுதியை அறுத்துக் கொடுத்தாள்; முடி காணிக்கை அங்கிருந்துதான் வந்தது என்பார்கள். நந்தவனத்துக்குக் குளம் வெட்டிய அனந்தாழ்வான் எறிந்த கடப்பாரை பெருமாளின் முகவாயில் பட்டது. அந்தக் கடப்பாரை இன்றும் மகாதுவாரத்தில் தொங்குகிறது, முகவாயில் பச்சைக் கற்பூரம் சாற்றுகிறார்கள். இடையன் வம்சத்தைப் பெருமாள் ஒதுக்கிவிடவில்லை. தினமும் விடியுமுன் அந்த வம்சத்துச் ‘சன்னிதி கொல்லா’ வந்து கதவைத் திறக்க வேண்டும்; முதல் தரிசனம் அவருக்கு. மாடும் ஆடும் மேய்க்கிறவனின் கையில் இரும்பு இருக்கும், அது சில நேரம் காயமும் செய்யும் என்று இந்த மலைக்குத் தெரியும். காயத்தை மறைக்காமல் கற்பூரமிட்டுக் காட்டுகிறது. இதைவிட நேர்மையான ஓர் இறையியலை நான் வேறெங்கும் காணவில்லை.

கத்தரியே வேண்டாம் என்றால் பாவம் தீர்ந்துவிடுமா? திகம்பர ஜைன முனிவர்கள் தங்கள் முடியைத் தங்கள் கையாலேயே பிடுங்கிக்கொள்கிறார்கள். மயில் தானாக உதிர்த்த பீலிதான் அவர்கள் கையில் இருக்கும். அந்தக் கண்டிப்புக்கு முன்னால் நான் தலை வணங்குகிறேன். ஆனால் ஸ்வேதாம்பரத் துறவிகள் ஏந்தும் ரஜோஹரணம் என்ற துடைப்பம் கம்பளி இழைதான். மேலும், காட்டு ஆடு வருடா வருடம் தானே மயிரை உதிர்த்துவிடும். அதைப் பிடித்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து, உதிர்க்கத் தெரியாத ஆடாக்கியது மனிதன். 2015-இல் ஆஸ்திரேலியாவில் கான்பெரா அருகே தனியே திரிந்த ஒரு மெரினோ ஆட்டிலிருந்து 40 கிலோவுக்கு மேல் கம்பளி இறக்கினார்கள். நடக்கவே சிரமப்பட்டதாம். கத்தரி படாததே அதற்கு வந்த துன்பம். ஒரு முறை கையில் எடுத்த உயிரை அகிம்சை என்று சொல்லிக் கீழே போட்டுவிட முடியாது.

இப்போது தக்காணிக் கம்பளிக்கு விலையே இல்லை. முரட்டு மயிரை வாங்க ஆளில்லாமல் இறக்கிய இடத்திலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். விலை போனதும் கத்தரியைத் தீட்டும் அக்கறையும் குறைந்துவிட்டது. எனக்குப் பயமாக இருப்பது இதுதான். மின்சார மெஷின் வரட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. 1888-இலேயே ஆஸ்திரேலியாவின் டன்லப் பண்ணையில் மந்தை முழுவதையும் மெஷினால் கத்தரித்துவிட்டார்கள். ஆனாலும் நியூசிலாந்தின் குளிர்ந்த மலைப்பக்கங்களில் கைக்கத்தரியை விடவில்லை. மெஷின் தோலை ஒட்டி வழித்துவிடும். கைக்கத்தரி கொஞ்சம் மயிரை மேலேயே விட்டு வைக்கும், குளிருக்கு அது போர்வை. மிச்சம் விடுவது அந்தக் கருவியின் இயல்பிலேயே இருக்கிறது.

ஆடு வளர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கம்பளிக்குக் காசு கிடைக்கிறதோ இல்லையோ, கத்தரியைச் சாணை பிடிக்காமல் ஆட்டின்மேல் வைக்காதீர்கள். ஈர மயிரில் வெட்டாதீர்கள். மடிப்பு வரும் இடத்தில் இடது கை முதலில் போகட்டும். கீறல் பட்டால் அன்றைக்கே வேப்பெண்ணெய் தடவுங்கள், ஆழமாக இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். திருமலைக்குப் போய் முடி கொடுத்துவிட்டு வந்து இதைச் செய்யாமல் விட்டால், அந்தக் காணிக்கையில் பாதி கடனாகவே நிற்கிறது.