வாந்தி மாத்திரை

வத்தலக்குண்டு பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் அந்த மெடிக்கலில் காலை ஏழு மணிக்கே கூட்டம் சேர்ந்துவிடும். கொடைக்கானல் பஸ்ஸைப் பிடிக்க வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். "வாந்தி மாத்திரை குடுங்க." கத்தரியால் அட்டையை நறுக்கி, ஒவ்வொன்றாகக் கையில் கொடுப்பாள் அங்கே வேலை பார்த்துக்கொண்டே டி.பார்ம் படிக்கும் மாணவி. அந்த மாத்திரையில் இருப்பது புரோமெத்தசின் தியோகிளேட், 25 மில்லி கிராம். அவோமின் என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடை பெஞ்சில் வந்து உட்காருவார் அவளுடைய குரு. கல்லூரியில் மருந்தியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அன்றைக்குக் கூட்டம் சற்றுக் குறைந்ததும் அவள் கேட்டாள்.

"சார், இதைப் போட்டவங்க பெருமாள்மலை வர்றதுக்குள்ள தூங்கிடறாங்க. வாந்தியை நிறுத்தற மருந்துக்குத் தூக்கம் எதுக்கு? பக்கவிளைவுதானே அது?"

"பக்கவிளைவுன்னு பேர் வெச்சது நாம. எது நடு, எது பக்கம்னு மருந்துக்குத் தெரியுமா?"

"புரியல சார்."

"மூக்கு ஒழுகுறதுக்கு செட்ரிசின் குடுக்கறே. அதுவும் ஹிஸ்டமினைத் தடுக்கிற மருந்துதான். அதைப் போட்டுக்கிட்டு மலை ஏறினா வாந்தி நிக்குமா?"

அவள் யோசித்தாள். "நிக்காது."

"ஏன்னா அது மூளைக்குள்ள அவ்வளவாப் போறதில்ல. எட்டிப் பார்த்தாலும் ரத்தக்குழாய்ச் சுவர்ல இருக்கற புரதம் வெளியே தள்ளிடுது. புரோமெத்தசின் நேரா உள்ளே போகும். காதுக்குள்ள இருக்கிற சமநிலை உறுப்பு ஒண்ணு சொல்ல, கண்ணு வேற சொல்ல, அந்தக் குழப்பம் வாந்தியா மாறுற இடத்துல போய் உட்காரும். அங்கே அசிடைல்கோலினையும் சேர்த்துத் தடுக்குது. ஆனா உள்ளே போனது அந்த ஒரு இடத்தோட நிக்குமா? விழிப்பைக் காக்கிற இடத்தையும் தொடும். வாந்தி நிக்கிறதும் தூக்கம் வர்றதும் ஒரே வாசல் வழியாத்தான்."

ஹிஸ்டமின் என்றால் அரிப்பு, தடிப்பு, தும்மல் என்றுதான் அவள் படித்திருந்தாள். 1910-இல் ஹென்றி டேலும் லைட்லாவும் அதன் உடல் விளைவுகளை ஆராய்ந்து எழுதினார்கள். டேனியல் போவே தொடங்கிவைத்த ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகள் 1940-களில் கடைகளுக்கு வந்தபோதே மக்கள் அசந்து தூங்கினார்கள். அந்தத் தூக்கம் மூளையைப் பற்றி ஏதோ சொல்கிறது என்பது உறுதிப்பட இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின. 1984-இல்தான், ஹிஸ்டமின் சுரக்கும் நரம்பணுக்கள் ஹைப்போதலாமஸின் பின்பகுதியில் ஒரு சிறு திட்டாகக் கூடியிருப்பதை ஆய்வாளர்கள் நேரில் காட்டினார்கள். மனித மூளையில் அவை சுமார் 64,000. மொத்த நரம்பணுக்களோ 8,600 கோடி. அந்தக் கையளவு அணுக்களின் இழைகள் மூளை முழுவதும் பரவுகின்றன; விழித்திருக்கையில் துடிக்கின்றன, தூங்குகையில் அடங்குகின்றன.

"வியன்னாவில் வான் எகனாமோன்னு ஒரு டாக்டர்," என்றார் குரு. "1917-இல் தூக்கக் காய்ச்சல் பரவினப்போ, இறந்தவங்க மூளையைப் பார்த்தார். பகலெல்லாம் தூங்கிக் கிடந்தவங்களுக்குச் சேதம் ஹைப்போதலாமஸ் பின்பக்கம் இருந்தது. ஹிஸ்டமின் அணுக்கள் இருக்கிறது தெரியாமலே அவர் அந்த இடத்துல விரலை வெச்சுட்டார்."

"அப்ப விழிச்சிருக்கறது நான் இல்லையா சார்? அந்த அறுபத்து நாலாயிரமா?"

குரு உடனே பதில் சொல்லவில்லை. இந்தக் கேள்வி வரும் என்று அவர் காத்திருந்தது போலவும் இருந்தது.

"ஹிஸ்டமினே உண்டாக்க முடியாத எலிகளை வளர்த்துப் பார்த்தாங்க, தாயி. அதுங்க தூங்கியே கிடக்கல, விழிச்சிருந்துச்சு. ஓரெக்சின், நார்அட்ரினலின்னு விழிப்பைத் தாங்க வேற ஆட்களும் இருக்காங்க. ஆனா பழக்கமில்லாத புது இடத்துல கொண்டு விட்டா, சாதா எலி சுத்திச் சுத்திப் பார்க்கும். இந்த எலி சீக்கிரமே தூங்கிடும்."

அவள் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள்.

பிறகு, ஹிஸ்டமின் போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகளின் கதைக்கு வந்தார்கள். எச்1, எச்2, எச்3, எச்4 என நான்கு. வாந்தி மாத்திரை தடுப்பது எச்1-ஐ. எச்2 என்றதும் நினைவுக்கு வருவது வயிற்று அமிலம். அந்த ஏற்பியைத் தடுக்கும் மருந்தைக் கண்ட ஜேம்ஸ் பிளாக் நோபல் வாங்கினார். எச்4 பெரும்பாலும் நோய் எதிர்ப்பு அணுக்களைச் சேர்ந்தது. குரு நின்று பேசியது எச்3 பற்றி. 1983-இல் பாரிஸில் அராங், கார்பார்க், ஷ்வார்ட்ஸ் மூவரும் கண்டது அது.

"மாடித் தொட்டியில மிதவை இருக்குல்ல? தண்ணி ஏற ஏற அது மேலே வந்து குழாயை அடைச்சிடும். எச்3 அதுதான். ஹிஸ்டமினை விடுற நரம்பணு மேலேயே உட்கார்ந்து, 'போதும்'னு சொல்லும். அந்த மிதவையைப் பிடிச்சு வெச்சா?"

"ஹிஸ்டமின் வந்துக்கிட்டே இருக்கும். விழிப்பு கூடும்."

"அதான் பிடோலிசன்ட். ஷ்வார்ட்ஸ் குழு விடாம உழைச்சு உண்டாக்கினது. நார்கொலெப்சின்னு பகல்ல திடீர்னு தூக்கத்துல விழுற நோய்க்கு 2016-இல் ஐரோப்பாவிலயும் 2019-இல் அமெரிக்காவிலயும் அனுமதி கிடைச்சது. கண்டுபிடிப்புல இருந்து மருந்தாக முப்பத்து மூணு வருஷம்." அவர் குரலில் மரியாதை இருந்தது. "நம்ம ஹைதராபாத் சுவென் நிறுவனமும் சமெலிசன்ட்னு ஒண்ணை உண்டாக்கியிருக்கு. இரண்டாம் கட்டச் சோதனையில பகல் தூக்கம் குறைஞ்சதா 2023-இல் அறிவிச்சாங்க."

"மறதி நோய்க்கும் இது உதவுமா சார்?"

"அந்த ஆசைதான் பல பெரிய கம்பெனிகளை இழுத்தது. எலிக்கு ஞாபகம் கூடிச்சு. அல்சைமர் நோயாளிகள்கிட்ட எதிர்பார்த்த பலன் கிடைக்கல. தூங்குறவரை எழுப்பலாம், தொலைஞ்ச நரம்பணுவை எழுப்ப முடியாதே."

அவள் எழுந்து அலமாரியிலிருந்து வெர்ட்டின் பெட்டியை எடுத்தாள். "தலைசுத்தலுக்குத் தர்ற பீட்டாஹிஸ்டின். இதுவும் எச்3-தானே?"

"அதையும் தடுக்கும், எச்1-ஐ லேசாத் தூண்டவும் செய்யும். இந்த வாந்தி மாத்திரைக்கு நேர் எதிர். இத்தனை நாளா ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல அடுக்கி வெச்சிருக்கே."

வெளியே கொடைக்கானல் பஸ் ஹாரன் அடித்தது. ஒரு பாட்டி பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார். பையனுக்குப் பத்து வயது இருக்கும். "இவனுக்கு ஒரு வாந்தி மாத்திரை குடும்மா."

மாணவி கத்தரியை எடுத்தாள். பிறகு கீழே வைத்தாள்.

"மலைக்கு இதுதான் முதல் தடவையா தம்பி?"

பையன் தலையாட்டினான்.

"போன தடவை பஸ்ல போனப்போ வாந்தி எடுத்தானா பாட்டி?"

"இல்லம்மா, ஒரு முன்ஜாக்கிரதைக்குத்தான்."

"அப்ப முன் சீட்டுல உட்கார வைங்க. ஜன்னலைத் திறந்து தூரத்துல பார்த்துக்கிட்டே வரச் சொல்லுங்க. எதுக்கும் ஒரு கவர் கையில வெச்சுக்குங்க."

காசு வாங்காமல் இரண்டு கவர்களை நீட்டினாள்.