அச்சத்துக்கு எல்லை குறித்தல்



அச்சம் முழுவதும் தீயதென்று பிரசங்கிப்பார் சிலருளர். யாம் அதற்கு உடன்படோம். அச்சத்துக்கும் அறிவுக்கும் உறவுண்டென்பதே திருவள்ளுவர் துணிபு. 2009 ஆம் ஆண்டிற் போர் ஓய்ந்தபின் முள்ளியவளைக்கு மீண்ட எம்மவர், மண்டையோடு தீட்டிய செந்நிறப் பலகையைக் கண்ட இடத்து அப்பால் அடியிடாது நின்றனர். அவ்வச்சம் உயிரைக் காத்தது. ஆயின், மிதிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட சொந்த வளவினுள்ளும் கால்வைக்க மாட்டாது, படலையடியில் நின்று அழுத முதியோரையும் யாம் கண்டோம். இவ்வச்சத்தை யாது செய்வது?

அந்நாளில் ஒருமுறை, வகுப்பறையின் தகரக் கூரைமீது மாங்காயொன்று வீழ்ந்த ஓசைக்கு எம் மாணாக்கனொருவன் மேசையின் கீழ்ப் புகுந்தான். அதுகண்டு நகைத்த பிள்ளை ஒன்றுமில்லை. உண்மை கூறின், கரும்பலகையருகே நின்ற எமக்கும் கை நடுங்கிற்று. அவனை யாம் கடிந்திலோம். அருகிருத்தி, மூச்சை மெல்ல வெளிவிட்டுக்கொண்டு திருவைந்தெழுத்தை உள்ளே எண்ணச் செய்தோம். வெளிவிடும் மூச்சு நீளுமாயின் நெஞ்சத்துடிப்புத் தணியுமென்று இக்கால வைத்தியரும் கூறுவர். பின்னர் வெளியே அழைத்துச் சென்று அம்மாங்காயைக் காட்டினோம். அதனைக் கையிலெடுத்துப் பார்த்த பின்னரே அவன் முகம் தெளிந்தது.

மிதிவெடி அகற்றுவோர் செய்கையை உற்று நோக்குமின். அவர் காடு முழுவதையும் ஒருங்கே அஞ்சி அகல்வதுமில்லை. ஒருங்கே துணிந்து புகுவதுமில்லை. சிறிதளவு நிலத்தைக் கருவியால் ஆராய்ந்து, கோல் நட்டு எல்லை குறித்து, அதன்பின்னரே அப்பாற் செல்வர். மனத்தச்சமும் அவ்வாறே ஆராயத்தக்கது. யாம் அஞ்சுவது எதற்கு? அஃது இப்பொழுது இங்குளதா, அன்றி முன் நிகழ்ந்ததன் நினைவா? இங்ஙனம் வினாவி, இன்று படலைவரை, நாளை கிணற்றடிவரை என்று நடத்தல் வேண்டும். திங்கள் பலவாக உறக்கமின்றி வருந்துவோர் வைத்தியரை நாடுக. காய்ச்சலுக்குத் திருநீறும் அணிந்து மருந்தும் உண்கின்ற நாம், மனத்துயருக்கு மட்டும் மருந்துண்ண நாணுவது என்னை?

கல்லிற் பிணித்துக் கடலில் இடப்பட்ட அப்பரடிகள், கடலைக் கடலன்றென்று கூறினாரல்லர். திருவைந்தெழுத்தைத் துணையாகப் பற்றித் திருப்பாதிரிப்புலியூர்க் கரையை அடைந்தாரென்பது பெரியபுராணம். யாம் இளமையிற் பயின்ற மிஷன் பாடசாலையிலும் அச்சமொழிக என்னும் உபதேசத்தைப் பலகாற் கேட்டதுண்டு. நல்லுபதேசமே, ஆயினும் ஒழிக்கும் வகையை ஒருவரும் சொல்லித்தந்திலர். அதனை எம்மூர் வழிபாட்டிலேயே கண்டோம்.

2004 டிசம்பர் 26 இல் முல்லைத்தீவுக் கடல் பொங்கியெழுந்து நம்மவர் பலரை வாரிச் சென்றது. அக்கடலினின்றே ஆண்டுதோறும் நீர் மொண்டு வந்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் அந்நீரால் விளக்கெரித்து, பின் வற்றாப்பளைக் கண்ணகியம்மனின் வைகாசிப் பொங்கலுக்குக் கொண்டுசெல்வது வழக்கம். மகனைக் கடலுக்குப் பறிகொடுத்த அன்னையொருவர், முதலில் முள்ளியவளையில் அவ்விளக்கை மட்டும் தரிசித்து மீள்வார். பின்னோராண்டு கரையோரத்துப் பனையடிவரை வந்தார். மற்றோராண்டு மணலில் அமர்ந்திருந்தார். இப்பொழுது நீரெடுக்கும் நாளிற் கணைக்காலளவு நீரில் நிற்கின்றார். அலை உயரும்போது மட்டும் அருகே நிற்பவர் கையைப் பற்றிக்கொள்ளுகின்றார்.