எங்கே போய்க் கேட்பது?

சமூக ஊடகங்களின் விதிமுறைகளில், கிட்டத்தட்ட கடைசியில், ஒரு பத்தி இருக்கும். இந்த ஒப்பந்தத்துக்கு எந்த ஊர்ச் சட்டம் செல்லும், தகராறு வந்தால் எந்த ஊரில் போய்ப் பேசவேண்டும் என்று அது சொல்லும். அதுவரைக்கும் யாரும் ஸ்க்ரோல் செய்வதில்லை. 'நாம என்ன கேஸா போடப்போறோம்?' என்று நினைத்து 'சம்மதம்' பொத்தானை அழுத்திவிடுகிறோம்.

அந்தப் பத்தி நம் உரிமை எதையும் பறிப்பதில்லை. அதன் முகவரியை மட்டும் மாற்றுகிறது. கையெட்டாத இடத்தில் வைக்கப்பட்ட உரிமையை உரிமை என்று சொல்லலாமா என்பதுதான் கேள்வி.

டிக்டாக் தனி விதி எழுதாத நாடுகளுக்கென்று வைத்திருந்த பொது விதிமுறையைப் பாருங்கள். சிங்கப்பூர்ச் சட்டம், சிங்கப்பூர் அனைத்துலக நடுவர் மன்றம், மூன்று நடுவர்கள், ஆங்கிலத்தில் விசாரணை. ஜொகூர் பாருவில் இருப்பவருக்குச் சிங்கப்பூர் கண்ணுக்குத் தெரியும் தூரம்தான். ஆனால் அங்கே மனு பதியவே ஆயிரக்கணக்கான சிங்கப்பூர் வெள்ளி வேண்டும். மூன்று நடுவர்களின் கட்டணம் தனி. இதே ஆள் கடையில் வாங்கிய மின்விசிறி ஓடவில்லை என்றால், மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி, வக்கீல் இல்லாமல், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். உண்மையான தூரம் இந்த 5 ரிங்கிட்டுக்கும் அந்த ஆயிரங்களுக்கும் இடையில் இருக்கிறது.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் பயனர்களை வைத்திருப்பவர் ஒவ்வோர் ஊரிலும் வழக்காட முடியுமா? 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இப்படித்தான் யோசித்தது. வாஷிங்டன் மாநிலத் தம்பதி ஒரு சொகுசுக் கப்பலில் போனார்கள். மெக்சிகோ கடலோரத்தில் மனைவி வழுக்கி விழுந்தார். ஃபுளோரிடாவில்தான் வழக்குப் போடவேண்டும் என்று டிக்கெட்டில் அச்சாகியிருந்தது. அது செல்லும் என்றது நீதிமன்றம். வழக்குச் செலவு குறைந்தால் டிக்கெட் விலையும் குறையும், அது பயணிக்கும் லாபம்தானே என்பது அதன் காரணங்களில் ஒன்று. சரி, காசே வாங்காத செயலியில் எந்த விலை நமக்குக் குறைகிறது?

வசதிக்காகத்தான் ஓர் ஊரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதையும் அப்படியே நம்ப முடியவில்லை. 2024 நவம்பரில் எக்ஸ் தன் விதிமுறையை மாற்றியது. வழக்குகள் டெக்சஸின் வடக்கு மாவட்டக் கூட்டரசு நீதிமன்றத்துக்கோ டாரண்ட் வட்டார நீதிமன்றங்களுக்கோ வரவேண்டும். நிறுவனம் குடிபோன பாஸ்ட்ராப் ஊரோ மேற்கு மாவட்டத்தில் இருக்கிறது. பக்கத்து நீதிமன்றத்தை விட்டுவிட்டுத் தூரத்து நீதிமன்றத்தைக் கேட்பவர் பயணச் செலவைக் கணக்குப் பார்க்கவில்லை. யார் தீர்ப்புச் சொல்லவேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கிறார்.

தூரமே அநீதி என்று நான் சொல்லவரவில்லை. கண்ணகி சோழ நாட்டுக்காரி; வழக்குரைத்தது பாண்டியன் அவையில். தவறு நடந்ததும், தவறு செய்தவன் இருந்ததும் மதுரையில்தான். வாயிற்காவலன் உள்ளே போய்ச் சொன்னான், அவளை உள்ளே விட்டார்கள். பாண்டியன் அந்த இடத்தை முன்கூட்டியே பொறுக்கி, அவளிடம் சம்மதம் வாங்கி வைத்திருக்கவில்லை.

நம்முடைய சம்மதம் எப்படிப்பட்டது? பேரம் பேச முடியாது. பத்தியை அடித்துவிட்டு மற்றதுக்கு மட்டும் சரி சொல்ல முடியாது. வேண்டாமென்றால் வெளியே போகலாம்; ஆனால் குடும்ப வாட்ஸப் குழு, வியாபாரம், நண்பர்கள் எல்லாம் உள்ளே இருக்கும். 2017இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் இதைத்தான் கவனித்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவைச் சேர்ந்த ஒரு பெண், தன் பெயரும் படமும் அனுமதியில்லாமல் விளம்பரத்தில் வந்ததாக ஃபேஸ்புக்மீது வழக்குப் போட்டார். கலிஃபோர்னியாவுக்கு வா என்றது நிறுவனம். இரு தரப்பின் பேர வலிமையில் இருக்கும் பெரிய ஏற்றத்தாழ்வையும், அந்தரங்க உரிமையை உள்ளூர் நீதிமன்றமே பேசவேண்டிய தேவையையும் பார்த்து, நான்குக்கு மூன்று என்ற கணக்கில் நீதிபதிகள் அந்த விதியை ஒதுக்கினார்கள்.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ஒன்று தெரியும்: பெரும்பாலோர் டிஃபால்ட்டை மாற்றமாட்டார்கள். அதனால் டிஃபால்ட்டைத் தேர்ந்தெடுப்பவனுக்குத்தான் பொறுப்பு அதிகம். இங்கே டிஃபால்ட்டை மாற்றும் வசதியே பயனருக்கு இல்லை. இழப்பு சின்னதாக இருந்தால் யாரும் கடல்தாண்டிப் போகமாட்டார்கள் என்பது இரு தரப்புக்கும் தெரியும். அப்படியானால் ஆளுக்கு நூறு ரிங்கிட் என்று லட்சம் பேருக்கு இழைக்கப்படும் தவறுக்கு விலையே இல்லாமல் போகிறது.

இதை மாற்றவே முடியாதா? மெட்டாவின் இன்றைய விதிமுறை, சாதாரணப் பயனர் தன் நாட்டுச் சட்டப்படி தன் நாட்டு நீதிமன்றத்திலேயே வழக்காடலாம் என்கிறது. அதனால் ஃபேஸ்புக் ஒன்றும் மூடப்படவில்லை. முடியாது என்று மற்றவர்கள் சொல்லும்போது, முடியாதா, மனமில்லையா என்று நாம் கேட்கலாம்.