கொடையும் கடமையும்

அம்மாவுக்கு அப்பா பணம் தராமல் இருந்ததில்லை. ஆனால் கேட்டால்தான் தருவார். தரும்போது சட்டைப் பையிலிருந்து எடுத்து, “இந்தா” என்பார். அது அவளுக்குச் சேரவேண்டிய பணம் என்று அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை, அம்மா உட்பட.

ஏமி கட்மனைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த “இந்தா” நினைவுக்கு வருகிறது.

கட்மன் அமெரிக்க அரசியல் தத்துவவாதி. 1934இல் நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி பம்பாய்க்கு வந்து, பிறகு அமெரிக்கா போய்ச் சேர்ந்த யூதர் ஒருவரின் மகள். பிரின்ஸ்டனில் பல ஆண்டுகள் பேராசிரியர். 2004இல் பிலடெல்பியாவிலுள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் தலைவரானார். அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவரும் பெண்தான், ஜூடித் ரோடின். 2022இல் ஜெர்மனிக்கு அமெரிக்கத் தூதராகப் போகும்வரை கட்மன் அங்கே இருந்தார்.

அவர் 1987இல் எழுதிய ‘டெமாக்ரடிக் எஜுகேஷன்’ நூலை நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அதில் ஒரு வாதம் என்னை விடவே இல்லை. கல்வியில் ஏற்றத்தாழ்வு இருக்கலாம். ஆனால் ஜனநாயகத்தில் பங்கெடுக்கும் திறன் எந்தக் குழந்தைக்கும் இல்லாமல் போகும் அளவுக்கு அது போகக்கூடாது. அந்த அளவு வரையிலான கல்வி சமூகத்தின் கடமை, யாருடைய தாராளமும் அல்ல. பின்னர் டென்னிஸ் தாம்சனுடன் சேர்ந்து எழுதியவற்றில் இன்னொன்றைச் சொன்னார்: ஒரு முடிவால் கட்டுப்படுகிறவர்களுக்கு, அவர்கள் ஏற்கத்தக்க காரணத்தை முடிவெடுப்பவர் சொல்லியாக வேண்டும்.

இதை எழுதியவர் கையில் அதிகாரம் வந்தபோது என்ன நடந்தது?

நல்லதும் நடந்தது, மறைக்க வேண்டியதில்லை. இளங்கலை மாணவர்களுக்கான உதவித்தொகையில் கடனை நீக்கி, முழுவதையும் திருப்பித்தர வேண்டாத மானியமாக மாற்றும் திட்டத்தை 2007இல் அறிவித்தார். பட்டத்தோடு சேர்த்துக் கடனையும் சுமந்து வெளியேறுவது எப்படியிருக்கும் என்று தெரிந்த எவரும் இதைச் சின்ன விஷயம் என்று சொல்லமாட்டார்கள்.

ஆனால் வாசலுக்கு வெளியே இருந்த நகரம் வேறு. பென் பல்கலைக்கழகம் பிலடெல்பியாவின் மிகப் பெரிய தனியார் வேலையளிப்பாளர். அதன் அறக்கட்டளை நிதி ஆயிரம் கோடி டாலரைத் தாண்டியது. இலாப நோக்கற்ற நிறுவனம் என்பதால் சொத்துவரி கிடையாது. அமெரிக்காவில் பொதுப்பள்ளிகள் பெருமளவு அந்த வரியில்தான் ஓடுகின்றன. பிலடெல்பியாவின் பள்ளிக் கட்டடங்களிலோ ஆஸ்பெஸ்டாசும் ஈயமும் இருந்தன. 2019-20 கல்வியாண்டில் ஆஸ்பெஸ்டாஸ் காரணமாகவே சில பள்ளிகளை மூட வேண்டி வந்தது. யேல், பிரவுன் போன்ற பல்கலைக்கழகங்கள் வரிக்குப் பதிலாகத் தங்கள் நகரங்களுக்கு ஒரு தொகை தருகின்றன. 2020இல் பென் பேராசிரியர்களும் ஊழியர்களும் திரண்டு, வரி கட்டியிருந்தால் வந்திருக்கும் தொகையில் 40 சதவீதத்தைப் பள்ளிகளுக்குத் தரும்படி கேட்டார்கள். வேலை தருகிறோம், எங்கள் ஊழியர்கள் ஊதிய வரி கட்டுகிறார்கள் என்பது பல்கலைக்கழகத்தின் வழக்கமான பதில்.

அந்த நவம்பரில் அறிவிப்பு வந்தது: பள்ளிகளைச் சீரமைக்க ஆண்டுக்கு 1 கோடி டாலர், 10 ஆண்டுகளுக்கு. மொத்தம் 10 கோடி. அதற்கு வைத்த பெயர் நன்கொடை.

அந்தப் பணத்தால் சுவர்கள் சுத்தமாகும், குழந்தைகளின் நுரையீரல் பிழைக்கும். பெயர் என்னவாக இருந்தால் என்ன என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நன்கொடை என்றால் அளவையும் காலத்தையும் கொடுப்பவர்தான் முடிவு செய்வார். வாங்குகிறவர் நன்றி சொல்லலாம், கணக்குக் கேட்க முடியாது. ஏன் பத்து ஆண்டு, ஏன் பதினைந்து இல்லை? காரணம் சொல்லும் கடமை அந்தப் பெயரிலேயே காணாமல் போகிறது. அந்தக் கடமையைப் பற்றித்தான் அவர் வாழ்நாளெல்லாம் எழுதினார்.

அவரைப் போலி என்று நான் சொல்லவில்லை. அறங்காவலர் குழு ஒப்பாமல் தலைவர் எதையும் செய்ய முடியாது. ‘கடமை’ என்று ஒரு தடவை ஒப்புக்கொண்டால் நாடு முழுக்க மற்ற பல்கலைக்கழகங்களையும் அது கட்டும். ‘நன்கொடை’ என்ற சொல்தான் அந்த அறையில் அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய கதவாக இருக்கலாம். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பாள். “இந்தா”வை மறுத்திருந்தால் அந்த மாத அரிசி வந்திருக்காது.

வகுப்பில் இதைச் சொன்னபோது முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி, “பத்து வருஷம் முடிஞ்சா அந்தப் பள்ளிக்கூடங்கள் யார்கிட்ட மேடம் கேட்கும்?” என்றாள். அந்தப் புத்தகத்தை எழுதியவர் இப்போது அந்தப் பதவியில் இல்லை என்று மட்டும் சொன்னேன்.