காண்பவரைக் காணும் கண்

கிழக்குக்கரை இருப்புப்பாதையும் மேற்குக்கரைப் பாதையும் சந்திக்கும் ஊர் கெமாஸ். அதனைச் சூழ்ந்த தோட்டங்களில் பகலெல்லாம் கங்காணியின் பார்வையில் உழைத்தோர்க்கு, மாலையில் லயத்து வீட்டு வானொலியே துணை. கேட்டவர் யார், எப்பாடலுக்குக் கண்கலங்கினார் என்பதனை அவ்வானொலி அறிந்ததில்லை. அவர்தம் பெயரர் இன்று யூடியூப் காண்கின்றனர். அதுவோ காண்பவரின் விருப்பத்தைப் பதிந்து, அதற்கேற்ப விளம்பரம் காட்டுகிறது. கங்காணி மீண்டும் வந்துவிட்டான்!

இதனை விரும்பாதோர் மாற்று முகப்புகளை அமைத்தனர். 2018இல் தோன்றிய இன்விடியஸ் அவற்றுள் ஒன்று; கூகுள் கணக்கோ விளம்பரமோ இன்றி யூடியூப் காணொளிகளைக் காட்டுவது. 2023 ஜூனில் அதனை நிறுத்துமாறு யூடியூப் கோரியது.

அறம் யார் பக்கம்? தன் மனத்தைப் பிறர் கணக்கெழுதலாகாது என விழைதல் குற்றமன்று. ஆயினும், விளம்பரம் நீங்கின் அதனால் கலைஞன் பெறும் ஊதியமும் நீங்கும். பால்மரம் சீவிப் பிழைத்தோரின் வழித்தோன்றல்கள் பிறர் உழைப்பைக் கூலியின்றித் துய்த்தல் தகுமோ? பதிவின்றிக் காண்க, படைத்தவர்க்குரியதை நேரே கொடுத்துக் காண்க. கண்காணிப்புக்குப் பணியாமையும், உழைப்புக்குக் கடன்படாமையும் ஒருங்கே அமைவதே மானமுள்ள வாழ்வு.