காரணவர்: சொல்லும் பொறுப்பும்

முன்னுரை

மறைந்தோரைத் தமிழில் முன்னோர், மூதாதையர், தென்புலத்தார் எனப் பலவாறு வழங்குகிறோம். மலையாளத்தில் இவற்றோடு ஒப்பிடத்தக்க சொல் 'காரணவர்' என்பதாகும். அது குடும்பத் தலைவரையும் மறைந்த முன்னோரையும் ஒருங்கே சுட்டும். நாம் தோன்றக் காரணமாயிருந்தமை ஒன்றே முன்னோரை மதிக்கப் போதுமானதா என்னும் வினாவை இச்சொல்லின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

சொற்பொருள்

'காரணம்' என்னும் வடசொல்லின் அடியாகப் பிறந்தது காரணவர். தமிழ்ப் பக்தி மரபில் 'காரணன்' என்பது உலகுக்கு மூலமான இறைவனைக் குறிக்கும். மலையாளத்திலோ அவ்வடிச்சொல் இல்லத்து மூத்தவரைக் குறித்தது. எனினும் மருமக்கள்தாய முறையில் தறவாட்டை ஆண்ட காரணவர், அங்குப் பிறந்த பிள்ளைகளின் தந்தை அல்லர்; தாய்மாமனோ தாய்வழி மூத்த ஆடவரோ ஆவார். பிறப்புக்குக் காரணமாகாதவரே காரணவர் எனப்பட்டமை கருதத்தக்கது.

இதற்கான விளக்கம் அவர்தம் கடமையில் உள்ளது. தறவாட்டுச் சொத்து அவரது தனியுடைமை அன்று. குடும்பத் தேவையின்றி அதனை விற்க அவருக்கு உரிமையில்லை. இளையோர் 'அனந்தரவர்', அதாவது இடையறாது அடுத்து வருவோர், எனப்பட்டனர். அவர்க்காகக் காப்பவரே காரணவர்.

வைப்பும் காப்பும்

கொச்சியை அடுத்த வைப்பின் தீவின் பெயர் இக்கருத்தை விளக்க உதவும். 1341இல் பெரியாற்றில் பெருகிய வெள்ளத்தால் இத்தீவு உருவாயிற்று என்பது மரபு. அதனை முதலாகக் கொண்ட 'புதுவைப்பு' ஆண்டுக் கணக்கும் வழங்கிற்று. நீர் கொணர்ந்து வைத்த நிலமாதலின் வைப்பு எனப்பட்டது என்பர். தமிழில் வைப்பு என்பது சேமித்த பொருளையும் குறிக்கும். நிலமாயினும் குடும்பமாயினும், பின்வருவோர் வாழ்வதற்கென எஞ்சி நிற்பதே தொடக்கமாகிறது.

கடமை தவறிய வழி

ஓ. சந்துமேனோனின் 'இந்துலேகா' (1889) நாவலில், தறவாட்டுச் சிறுவனின் ஆங்கிலக் கல்விக்குக் காரணவர் பஞ்சு மேனோன் இசையவில்லை. இளைஞன் மாதவன் அவரை எதிர்க்கிறான். அவ்வெதிர்ப்பை முன்னோரை அவமதித்தலாகக் கொள்ளல் பொருந்தாது. காரணவர் என்னும் பெயருக்குரிய கடமையையே அவன் கேட்டான். கேரளத்தில் கூட்டுக்குடும்ப முறையை ஒழித்த 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் காரணவரின் அதிகாரம் நீங்கியது. முன்னோரைக் குறிக்கும் சொல்லாக அது இன்றும் வழங்குகிறது.

நிறைவுரை

வள்ளுவர் இல்வாழ்வான் பேணவேண்டியோருள் தென்புலத்தாரை வைத்தபோது, விருந்தையும் சுற்றத்தையும் உடன்வைத்தார். மறைந்தோர்க்குரிய கடன் வாழ்வோரைப் பேணும் கடனோடு சேர்ந்தே நிற்கிறது. ஆகவே, முன்னோர் என்னும் தகுதி பிறப்பித்தலால் மட்டும் அமைவதன்று. பின்வருவோர்க்காகக் காத்தலால் அமைவது என்பது பெறப்படும்.