உடலை உள்ளவாறு காண்டல்

நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளுள் நற்காட்சியே முதற்கண் வைக்கப்பெற்றது. உயிர் முதலிய தத்துவங்களை உள்ளது உள்ளவாறு தெளிந்தவர்க்கே அறிவும் ஒழுக்கமும் பயன் தரும். அத்தெளிவை நாடும் நாம், நாள்தோறும் நம்மோடு வாழும் உடலையேனும் உள்ளவாறு காண்கின்றோமா?

எடை மிகுந்தோர் பலர் தம்மை அவ்வாறு எண்ணுவதில்லை. பிரிட்டனில் 1999, 2007 ஆகிய ஆண்டுகளின் கணக்கெடுப்புகளை ஒப்பிட்ட ஆய்வொன்று 2008இல் வெளிவந்தது. எடை மிகுந்தோருள் தம் நிலையைச் சரியாக உணர்ந்தவர் முன்னர் நூற்றுக்கு 81 பேர். பின்னர் 75 பேர். அவ்விடைக்காலத்தில் அந்நாட்டில் பருமன் பெருகியதேயன்றிக் குறையவில்லை.

கண் ஒப்பிட்டே காணும் இயல்புடையது. சுற்றியுள்ளோர் பருத்திருப்பின் பருமனே இயல்பாகத் தோன்றும். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 40 பேர் எடை மிகுந்தவர். நம் பேச்சு வழக்கோ பருமனைப் "பூசினாற்போல் இருக்கிறாள்" என்று பாராட்டும். மெலிந்தவரை "இளைத்துவிட்டாயே" என்று இரங்கும். சேலையும் வேட்டியும் இடை பெருப்பதற்கேற்ப இடங்கொடுப்பதால், உடையும் நம்மை எச்சரிப்பதில்லை.

ஆதலின் அளந்து பார்ப்பதே தக்கது. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் கொண்டு, எடையை உயரத்தின் இருமடியால் வகுத்தால் கிடைக்கும் எண் 25ஐ எட்டினால் எடை மிகுதி என்பது உலக அளவு. ஆசிய மக்கள் 23இலேயே விழிப்படைதல் வேண்டும் என உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் அறிவுறுத்தியது. 150 செ.மீ. உயரமுடையவர்க்கு இது ஏறத்தாழ 52 கிலோவாகும்.

"புலால் தொடோம், இரவில் உண்ணோம், நமக்கேது இந்நோய்?" என்று நம்மவர் சிலர் எண்ணக்கூடும். அந்நோன்புகள் உயிர்க்கொலை நீங்குதற்பொருட்டு ஏற்றவை. பகலில் உண்ணும் எண்ணெய்ப் பண்டமும் இனிப்பும் அவற்றால் எடை குறைந்துவிடா. புறத்தவம் ஆறனுள் அவமோதரியம் என்பது வயிறு நிறையுமுன் நிறுத்துவது. ஆடவர்க்கு 32 கவளமும் மகளிர்க்கு 28 கவளமும் நிறை உணவு எனக் கொண்டு, அதனிற் குறைத்து உண்ணுமாறு துறவியர்க்கு உரைத்தனர் ஆசாரியர். அக்கருத்து இல்லறத்தார்க்கும் ஏற்புடையதே.

ஈண்டு வேறொரு வினாவும் எழுகின்றது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நெடுங்காலம் தொடர்ந்து கவனிக்கப்பெற்றோரைப் பற்றி 2015இல் வெளிவந்த ஆய்வின்படி, தம்மைப் பருமனானவர் என்று எண்ணியோர்க்கே பிற்காலத்தில் எடை மிகுதியாக ஏறியது. மனவுளைச்சலால் மேலும் உண்பது ஒரு காரணமென ஆய்வாளர் கூறினர். அங்ஙனமாயின் அறியாதிருத்தலே நன்றோ?

அன்று. அறிதல் வேறு, அருவருத்தல் வேறு. விருப்பு உடலின் குறையை மறைக்கும். வெறுப்பு அக்குறையையே உடையவராக்கிக் காட்டும். இரண்டும் நீங்கிய காட்சியே நற்காட்சிக்கு ஒப்பாகும். திருமண வீட்டில் நால்வர் நடுவே மருமகளை நோக்கி, "என்னம்மா, இப்படி ஊதிவிட்டாய்?" என்பது அறிவுரையாகாது; சொல்லால் செய்யும் இம்சையே ஆகும். பருமன் யாவும் பெருந்தீனியால் வருவதுமன்று. மரபும், தைராய்டுக் குறைவும், சில மருந்துகளும் காரணமாதல் உண்டு. அன்புடையோர் தனியே அழைத்து, மருத்துவரிடம் உடன் செல்வர். வீட்டுச் சமையலையும் எல்லோர்க்குமாக மாற்றுவர்.

உடல் வேறு, உயிர் வேறு என்பது நம் சமயத்தின் அடிப்படை. உடல் தானன்று என்று தெளிந்தவர்க்கு அதன் எடையைக் கேட்பதில் நாணமென்ன, அச்சமென்ன? நோன்பிற்கும் பிறர்க்கு உதவுதற்கும் கருவியான இவ்வுடலை அளந்தறிந்து பேணுதலும் அறமே.

அறம் வளர்க!